இடி தாண்டிய இரண்டாவது வாளி

பல் வலியோடு வந்தவர்கள் யாரும் அந்த க்ளினிக்கில் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று காலை கேட்கவே வேண்டாம். கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி வீங்கிப்போன ஒருவர், தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, காத்திருப்போர் அறையின் நடுவிலிருந்த கடல்மீன் தொட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து நின்றார். அவருடைய டோக்கனை இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது. மனிதர் அசைகிற வழியைக் காணோம்.

“அடுத்தவங்கள அனுப்புங்க. என் பல்லு எங்க ஓடிடப் போவுது?” என்றார். “இங்க பிரசவம் நடக்கப் போவுது!”

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்று, பூ மாதிரி விரிந்திருக்கும் கடலுயிரான கடல்சாமந்தியின் நிழலில் ஒரு பாறை நிறைய முட்டையிட்டிருந்தது. ஆரஞ்சாக இருந்த முட்டைகள் நாளுக்கு நாள் கறுத்து, இப்போது ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிப் பொட்டுகள் தெரிந்தன. அவை கண்கள். கண் வெள்ளியாகிவிட்டால் அன்று சாயங்காலம் விளக்கை அணைத்ததும் குஞ்சு பொரியும். இதற்கு முன் இரண்டு தடவை இட்ட முட்டைகள் பாதியிலேயே வீணாகிப் போயின. இந்தத் தடவை கரை சேர்ந்துவிடும் என்று டாக்டர் முதல் நோயாளி வரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முட்டைகளுக்குக் காவல் தகப்பன் மீன்தான். சின்ன உடம்பு. துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருந்தது. பெரிய உடம்புக்காரியான தாய் மீன் ராஜநடை போட்டுத் தொட்டியைச் சுற்றி வந்தது. க்ளினிக்கைப் பெருக்கித் துடைக்கிற ஆயாம்மா, துடைப்பக் குச்சியை ஊன்றிக்கொண்டு இதை ரசித்துப் பார்த்தாள்.

“அவன் பாரு, வீட்டோட மாப்பிள்ளை. புள்ளைங்கள விட்டு நகர மாட்டேங்கறான். எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சே, புள்ள அழுதா எழுந்து பக்கத்துத் தெருவுக்குப் போயிடும்!”

அறையே சிரித்தது. கன்னம் வீங்கியவரும் சிரிக்கப்போய், “ஐயோ அம்மா” என்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தத் தொட்டியை வளர்த்தவன் டாக்டரம்மாவின் தம்பி. அக்கா வீட்டோடு இருந்துகொண்டு, ஊரில் கடல் தொட்டி வைத்திருக்கிறவர்களின் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறவன். விரல் நுனி அளவுத் துண்டுகளாக வாங்கி ஒட்டிய பவளங்கள் இன்று கை அகலத்துக்குப் பூத்து நிற்கின்றன என்றால், அது அவனுடைய பொறுமை. வாயைத் திறந்த குழந்தைகள் ஊசியைப் பார்க்காமல் மீனைப் பார்க்கட்டும் என்றுதான் அக்கா இதை வைக்கச் சொன்னாள். இப்போது வாயைத் திறக்கச் சொன்னாலும் யாரும் தொட்டியை விட்டு வருவதில்லை.

அடுத்தது, டாக்டரம்மாவின் கணவர். ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே அவருக்குப் பெயர் ‘இடி’. அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே, “இடி வருது, குடையப் பிடி” என்று ஆட்கள் கிசுகிசுப்பார்கள். “தப்புன்னா தப்புதான். அதுல சின்னது என்ன, பெருசு என்ன?” என்று ஆரம்பித்தாரென்றால், தப்பு செய்தவனுடைய பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துவைத்து ஏசிவிட்டுத்தான் மூச்சு விடுவார். வீட்டிலும் அதே மழைதான். பால் பொங்கினால் இடி. சாவி தொலைந்தால் இடி.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அந்தத் தொட்டி என்றால் அவருக்கு உயிர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொந்தக் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவர், மீன் முட்டை பொரிகிறது என்று அன்று லீவு போட்டிருந்தார்! அதுவும் மூக்கடைப்போடு. கைக்குட்டையும் கையுமாகக் காலையிலிருந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

“தண்ணி லேசா மஞ்சளா தெரியல?” என்றார் மனைவியிடம்.

“அந்தப் பையைக் கழுவ எடுத்திருக்கானில்ல, அதனாலதான்,” என்றாள் டாக்டரம்மா, கையுறையை மாட்டிக்கொண்டே. “ரெண்டு மூணு நாள் மஞ்சளா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னான். நீங்க சும்மா இருங்க.”

சும்மா இருப்பதா? இடியா?

அந்தப் பை என்ன என்று சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வடிகட்டி இருக்கிறது. அதில் நுண்ணிய மணிகள் அடைத்த வலைப்பை ஒன்று கிடக்கும். தண்ணீரில் கரைந்த மஞ்சளையும் கசடையும் அந்த மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். போடும்போது வெள்ளையாக இருக்கும் பை, போகப் போகக் காபித்தூள் நிறத்துக்கு வந்துவிடும். தூக்கிப்போட வேண்டியதில்லை. வாசனையோ சோப்போ கலக்காத பிளீச்சை அளவாகத் தண்ணீரில் கலந்து ஊறவைத்தால் கசடு எரிந்து மறுபடி வெள்ளையாகும். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. மணிகளுக்குள் பிளீச் புகுந்து உட்கார்ந்திருக்கும். குழாயில் எத்தனை தடவை அலசினாலும் அது போகாது. குளோரினை முறிக்கிற மருந்து கலந்த இன்னொரு வாளியில் மணிக்கணக்கில் ஊறவைத்து, சோதனைத் தாளில் நிறம் மாறாததைப் பார்த்து, நல்ல தண்ணீரில் இன்னொரு தரம் ஊறவைத்த பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும்.

மச்சினன் இதையெல்லாம் முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் விளக்கியிருந்தான். “மாமா, க்ளினிக் பின்பக்கம் ரெண்டு வாளி வச்சிருக்கேன். முதல் வாளி பிளீச்சு, ரெண்டாவது வாளி முறிப்பு மருந்து. நான் வந்துதான் மாத்துவேன். யாரும் தொடாதீங்க.”

“தெரியும் தெரியும். எங்க ஃபேக்டரில பாக்காத பிளீச்சா?” என்று இடி அப்பளத்தை நொறுக்கியதில் பாதி அவர் காதில் விழவில்லை.

அன்று காலை மச்சினன் வேலைக்குக் கிளம்பிப் போனதும் இடி மெல்லப் பின்பக்கம் போனார். முதல் வாளியின் மூடியைத் திறந்தார். பை பளீரென்று வெள்ளையாகக் கிடந்தது. ‘அட, முடிஞ்சே போச்சே! இன்னும் எதுக்கு இன்னொரு வாளி? இவன் எப்பவுமே இழுத்தடிக்கிற ஆளு’ என்று நினைத்துக்கொண்டார். கையுறை போட்டார், ஜன்னலைத் திறந்துவைத்தார். அதெல்லாம் சரியாகத்தான் செய்தார். பையைக் குழாயடியில் அலசு அலசென்று அலசினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. எப்படி இருக்கும்? மூக்குதான் முந்தாநாளே மூடிக்கிடக்கிறதே! காலையில் வீட்டுச் சமையலறையில் பால் கருகியதே அவருக்குத் தெரியவில்லை.

தொட்டிக்குக் கீழே குனிந்து பையை வடிகட்டிக்குள் வைத்தபோது, இடியின் முகத்தில் சின்னப் பையன் சிரிப்பு. மச்சினன் வருவதற்குள் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். ‘யாரு செஞ்சது?’ என்று அவன் வாயைப் பிளக்கும்போது மீசையை முறுக்கிக்கொள்ளலாம். அந்த ஆசைதான் அவரை இரண்டாவது வாளியைத் தாண்டவைத்தது.

கன்னம் வீங்கியவர் ஒருவழியாக உள்ளே போய், மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு, திரும்பித் தொட்டியடிக்கே வந்துவிட்டார். அவர்தான் முதலில் பார்த்தார்.

“ஏன் சார், வீட்டோட மாப்பிள்ளை விசிறுறத நிறுத்திட்டானே?”

இடி பார்த்தார். தகப்பன் மீன் முட்டைகளை விட்டு விலகி, வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தாய் மீன் மேலே தண்ணீர் மட்டத்தில் நின்று காற்றுக்குத் தவித்தது. காலையில் விரிந்திருந்த பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அடித்தது. மச்சினன்.

“மாமா, இங்க வேலை முடிஞ்சுது, வந்துட்டே இருக்கேன். முட்டை எப்படி இருக்கு? அப்புறம் மாமா, அந்தப் பை முதல் வாளியிலயே தானே இருக்கு? யாரும் எடுத்துடலையே? எடுத்து அப்படியே போட்டா தொட்டி மொத்தமும் போயிடும். நினைச்சாலே பக்குங்குது.”

‘எடுத்துட்டேன்டா’ என்ற ஒரு வார்த்தை இடியின் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்ததோ வேறு.

“இருக்கு மாப்ளே. அப்படியேதான் இருக்கு.”

பொய்! தப்புக்குப் பாட்டன் முப்பாட்டனை இழுக்கிறவர் வாயிலிருந்து, கொஞ்சமும் யோசிக்காமல் வந்த பொய். அவரே திடுக்கிட்டுப் போனார். ‘யாருக்கும் தெரியாம எடுத்துப் பழையபடி வாளியில போட்டுடுவோம்’ என்று அலமாரிப் பக்கம் நகர்ந்தார். அதற்குள் காத்திருந்தவர்கள் எல்லோரும் தொட்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். அலமாரிக் கதவைத் திறந்தால் பத்துக் கண் பார்க்கும். இடி கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மச்சினன் வாசலில் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தான். ஒரு பார்வை பார்த்தவுடன் முகம் வெளுத்துவிட்டது. சூடு பார்த்தான், சரியாக இருந்தது. உப்பு பார்த்தான், சரியாக இருந்தது.

“மூச்சு முட்டுது, அது மட்டும் நல்லா தெரியுது. கொஞ்ச நேரம் பம்ப் நின்னிருந்தா இப்படி ஆகும். யாராவது பிளக்கைப் பிடுங்கினீங்களா?”

ஓர் ஓட்டை கிடைத்தால் எலி நுழையாமல் இருக்குமா? இடியின் கண் ஆயாம்மா மேல் விழுந்தது. சோபாவின் தூசியை மெஷினால் உறிஞ்சிவிட்டு, அதன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள் அவள்.

“நீங்கதானே? அந்த மெஷின் போடறதுக்குப் பிளக்கைப் பிடுங்கினீங்க, மறந்து விட்டுட்டீங்க. உண்மையச் சொல்லுங்க! எத்தனை தடவை சொல்லியிருக்கேன், எத்தனை தடவை!” இடி முழங்கியதில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஆயாம்மா பிடுங்கவில்லை. அவள் மெஷின் போட்டது சுவரின் அந்தப் பக்கத்துப் பிளக்கில். ஆனால் எல்லாக் கண்களும் தன் மேல் இருக்க, அந்தக் குரல் தலைக்கு மேல் இடிக்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆமாங்கய்யா. நான்தான். தெரியாம பண்ணிட்டேன்.”

“அப்போ காத்துப் பத்தலை, அதான்!” என்றான் மச்சினன். “பரவாயில்ல ஆயாம்மா, சொன்னீங்களே. பம்ப்பை ஃபுல்லா வைக்கிறேன், தண்ணி வேகமா ஓடினா தெளிஞ்சிடும்.”

அலமாரிக்கு மேலிருந்த பொத்தானைத் திருகினான். பம்ப் உறுமியது. தொட்டித் தண்ணீர் முழுவதும் முன்னைவிட வேகமாக வடிகட்டிக்குள் பாய்ந்து, அந்தப் பையைத் துளைத்துக்கொண்டு, மறுபடி தொட்டிக்குள் வந்து விழுந்தது.

அறையிலிருந்தவர்களுக்கு அது நல்ல சத்தம். இடிக்கு மட்டும்தான் உள்ளே நடப்பது தெரியும். ஒவ்வொரு சுற்றும் பிளீச்சை வாரிக்கொண்டு வந்து மீன்களின் செவுளில் கொட்டுகிறது. காப்பாற்றுவதாக நினைத்து, மச்சினன் தன் கையாலேயே தன் தொட்டியைக் கொன்றுகொண்டிருக்கிறான்.

தகப்பன் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்து முட்டைப் பாறைக்குப் போக முயன்றது. முடியவில்லை.

“டேய், விசிறுடா கண்ணா, விசிறு,” என்று மரத்துப்போன வாயோடு கெஞ்சினார் கன்னம் வீங்கியவர்.

இடிக்குப் போன மாதம் தொழிற்சாலையில் நடந்தது ஞாபகம் வந்தது. சர்க்கரைக் கலவையில் யாரோ அளவு மாற்றிப் போட்டுவிட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டில்கள் கடைகளுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. “திருட்டுப் பசங்க, ஒருத்தனுக்காவது நாணயம் இருக்கா?” என்று அன்று ஒரு மணி நேரம் குதித்தார். இப்போது அவர் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறார்? தன்னைத் திட்ட இங்கே ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் வாய் பொய் சொல்லிவிட்டது. தினம் தினம் திட்டு வாங்குகிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பத்தாததற்கு, செய்யாத தப்பை ஒரு பெண் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மாப்ளே, பம்ப்பை நிறுத்து!”

“ஏன் மாமா? இப்பதானே...”

“நிறுத்துடான்னா! நான்தான். அந்தம்மா பிளக்கைத் தொடவே இல்ல. நான்தான் பையை எடுத்துப் போட்டேன். ரெண்டாவது வாளியில போடல. போன்ல உன்கிட்ட பொய் சொன்னேன்.”

வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு உள்ளே படுத்திருந்த நோயாளிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார். அடுத்த நொடி மச்சினன் பம்ப்பை அணைத்தான். திட்டவில்லை, முறைக்கவில்லை, அதற்கெல்லாம் அவனுக்கு ஏது நேரம்?

“மாமா, பையை வெளிய எடுங்க, கையுறை போட்டுக்கிட்டு. அக்கா, மேல் தட்டுல நீல பாட்டில், குளோரின் முறிக்கிறது, கொண்டா! ஆயாம்மா, காத்து மோட்டாரை அந்தப் பிளக்குல போடுங்க!”

டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்தாள். ஆயாம்மா அழுத கண்ணைத் துடைக்காமலே மோட்டாரைச் செருகினாள். குமிழிகள் கொப்பளித்தன. மச்சினன் சோதனைத் தாளை நனைத்து உயர்த்திக் காட்டினான். நிறம் ஏறியிருந்தது. குளோரின்தான், சந்தேகமே இல்லை. இடி பாட்டிலைத் திறந்து அப்படியே கவிழ்க்கப் போனார்.

“அளவு மாமா, அளவு! இதையும் கண்டமேனிக்கு ஊத்தினா தண்ணியில இருக்கற காத்து குறையும்.”

அளந்து ஊற்றினார்கள். பம்ப்பை மறுபடி போட்டார்கள், இப்போது பை இல்லாமல். புதுக் கரித்தூள் பை ஒன்றை அலசி உள்ளே வைத்தார்கள். தண்ணீர் மாற்றுவதற்கென்று மச்சினன் முன்பே பீப்பாயில் கலந்து சூடாக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரை இடியே தூக்கி வந்தார். பழைய தண்ணீரைக் குழாய் வழியாக இறக்க, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற, கன்னம் வீங்கியவரும் வாளி பிடித்தார். யார் நோயாளி, யார் க்ளினிக் ஆள் என்று தெரியாமல் அந்த அறையே பம்பரமாகச் சுற்றியது. மறுபடி தாளை நனைத்தான் மச்சினன். நிறம் ஏறவில்லை.

“போயிடுச்சு! குளோரின் போயிடுச்சு!” என்று கத்தினான்.

இனி மீன்களின் கையில்தான் இருக்கிறது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தாய் மீன் மெல்ல மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கியது. தகப்பன் மீன் கடல்சாமந்திக்குள் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு துடுப்பை அசைத்தது. பிறகு இன்னொன்றை. தள்ளாடித் தள்ளாடிப் பாறைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து விசிற ஆரம்பித்தது.

ஆயாம்மா கையைத் தட்டினாள். அறை முழுக்கத் தட்டியது. கன்னம் வீங்கியவர் விசிலடிக்க முயன்று, மரத்த உதட்டில் காற்றுதான் வந்தது.

இடி தட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆயாம்மா முன்னால் வந்து நின்றார்.

“என்ன மன்னிச்சிடுங்கம்மா. எல்லார் முன்னாலயும் உங்களத் திட்டினேன். எல்லார் முன்னாலயும் கேக்கறேன். செய்யாததை ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?”

ஆயாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இல்லன்னு சொன்னா ஒரு மணி நேரம் திட்டுவீங்க. ஆமான்னு சொன்னா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். வீட்டுக்கு நேரத்தோட போகணுமே சார்!”

யாரும் சிரிக்கவில்லை. இடிக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா கணவரை ஒரு முறை பார்த்தாள். “இத்தனை வருஷத்துல ‘நான்தான்’னு நீங்க சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்,” என்றாள். அவள் குரலில் கேலி பாதி, பெருமை பாதி.

மச்சினன் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தான். “மாமா, நீங்க மட்டும் இன்னும் கொஞ்சம் சும்மா இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். சொன்னீங்களே, அதுவே போதும்.” பிறகு விரலை நீட்டினான். “ஆனா கேட்டுக்குங்க. எதை எதுல கழுவணும்னு அந்தந்தப் பொருளோட உறையில போட்டிருப்பான், அதைப் படிக்காம கை வைக்கக் கூடாது. எல்லாத்தையும் பிளீச்சுல போடக் கூடாது. வடிகட்டியில இருக்கற பீங்கான் வளையத்துல தண்ணிய சுத்தமா வைக்கிற நல்ல கிருமி குடியிருக்கு, அதைத் தொட்டியிலேர்ந்து எடுத்த தண்ணியிலதான் அலசணும். பம்ப் கழுவற வினிகர் பிளீச்சுப் பக்கமே வரக் கூடாது, ரெண்டும் கலந்தா வர்ற புகை நம்மளையே சாய்ச்சிடும். முக்கியமா, மூக்கை நம்பாதீங்க, தாளை நம்புங்க. அடைச்ச மூக்கு என்ன சொல்லும்?”

“ஒண்ணுமே சொல்லல மாப்ளே,” என்றார் இடி பரிதாபமாக. அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் க்ளினிக் நிரம்பி வழிந்தது. காலையில் வந்தவர்கள் குடும்பத்தோடு திரும்பி வந்திருந்தார்கள். கன்னம் வீங்கியவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். சில முட்டைகள் வெளுத்துச் செத்திருந்தன. மூலையில் ஒரு பவளம் நுனியெல்லாம் வெள்ளையாகிவிட்டது, அது பிழைக்காது என்று மச்சினன் சொல்லிவிட்டான். இடி அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சினன் விளக்கை அணைத்தான். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். அறை இருண்டது. மங்கலான டார்ச் ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்தார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புள்ளி பாறையிலிருந்து கழன்று, துள்ளி, வெளிச்சத்தை நோக்கி மேலே வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது, எண்ணுவதற்குள் நூறு! கண்ணும் வாலுமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் புதுசு புதுசாக உயிர்கள். “அடேயப்பா!” என்று யாரோ சத்தமாகச் சொல்ல, “ஷ்ஷ்!” என்று அறையே அடக்கியது. மச்சினன் அழுதுகொண்டே சிரித்தான். கோப்பையால் குஞ்சுகளை மொண்டு மொண்டு வளர்ப்புத் தொட்டிக்கு மாற்றினான். ஆயாம்மாவின் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தார் இடி.

மறுநாள் காலை தொழிற்சாலையில் வேலை தொடங்கும் முன்பு இடி எல்லோரையும் கூப்பிட்டார். ஆட்கள் குடை பிடிக்கிற முகத்தோடு வந்து நின்றார்கள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வாளியைத் தாண்டியது, அடைத்த மூக்கால் முகர்ந்தது, போனில் சொன்ன பொய், ஆயாம்மாவைத் திட்டியது, எல்லாம் சொன்னார். மூக்குக் கதையில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

“சிரி, நல்லா சிரி,” என்றார் இடி. “நான் சொல்ல வந்தது இதுதான். தப்பு பண்ணாத மனுஷன் கிடையாது. தப்பு நடந்த உடனே சொன்னா சரி பண்ணிடலாம். மறைச்சாதான் எல்லாம் சாகும். மறைக்கறவன் மேல மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? அவனைப் பயமுறுத்தி மறைக்க வச்சது என் வாய். திட்டற வாய் இருக்கற இடத்துக்கு உண்மை நேரத்துக்கு வராது. இனிமே தப்பு நடந்தா ஓடி வந்து சொல்லுங்க. முதல்ல சரி பண்ணுவோம். அப்புறம்தான் எப்படி ஆச்சுன்னு பேச்சு.”

இதை நம்பலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில், மூடி போடும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

“சார், நேத்துலேர்ந்து மூடி சரியா இறுக மாட்டேங்குது. நான்தான் மெஷினை மாத்தி வச்சுட்டேன். சொல்லப் பயமா இருந்துச்சு.”

எல்லோருடைய கண்ணும் இடியின் உதட்டில் போய் நின்றது. முழக்கம் அவர் தொண்டை வரை வந்துவிட்டது. அதை அவர் விழுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

“லோடு கிளம்பிடுச்சா?”

“இல்ல சார், கேட்டுலதான் நிக்குது.”

“அப்போ பொழைச்சோம்!” என்று துள்ளினார் இடி. “நல்லவேளை சொன்னீங்க! வாங்க, வாங்க, ஓடுங்க, பாட்டிலை இறக்குவோம்!”